எட்டாம் நம்பரும் பித்தளைக் குடமும்

பெண்டாட்டியைத் தொலைத்தவர்கள் ஊருக்கு ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். தொலைத்துவிட்டு, "இந்தா இருக்கேன்" என்று அவள் குரலிலேயே பதில் சொன்னவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கமெல்லாம் ஐம்பது வருசத்தில் தேய்ந்துபோய்விட்டது. வீட்டுக்குப் புதிதாக ஒரு மருமகனோ மருமகளோ வந்தால், முதல் காப்பி கொடுக்கும்போதே இந்தக் கதையையும் கொடுத்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி பொய். முழுதாகச் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும் என்பதால் நானும் மறுப்பதில்லை.

கதைக்குப் போவதற்கு முன்னால் எங்க அய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். (கதையே அவரைப் பற்றியதுதான். நான் நடுவில் வந்து விழுந்தவன்.)

அய்யா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். சமயநல்லூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். அதை விட்டுவிட்டுப் பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனார். நான் பிறந்தபோது அவர் காஷ்மீரில். என் தங்கச்சி செல்வி பிறந்தபோது அஸ்ஸாமில். எங்களுக்குப் பல் முளைத்தது, நடை வந்தது, அம்மை போட்டது எல்லாம் அவருக்குக் கடுதாசியில்தான் நடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை என்பதும் கடுதாசியில்தான் போயிற்று. எழுதியது வாத்தியார். எனக்கு எழுதத் தெரியாதே.

பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்த அன்றே அம்மாவிடம் சொன்னார்:

"பனி விழுகறத ஒனக்கு எத்தனையோ தடவ எழுதிப் பாத்தேன். எழுத வரல. நான் தனியாப் பாத்த ஊரையெல்லாம் ஒங்க எல்லாரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒருக்காப் பாக்கணும்."

அம்மா, "மொதல்ல அந்த பூட்ஸக் கழட்டுங்க, மாடு மெரளுது" என்றார்.

அதிலிருந்து வருசாவருசம் அறுப்பு முடிந்ததும் குடும்பத்தோடு ரயில் ஏறுவோம். அய்யாவுக்குக் குடும்பம் என்றால் உயிர். ஆனால் அந்த உயிரை வைத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே முறை பட்டாள முறை. ஆளுக்கு ஒரு நம்பர், அதுவும் இந்தியில். அய்யா ஏக். அம்மா தோ. வீட்டோடு இருந்த அத்தை தீன். சித்தப்பா சார். சித்தி பாஞ்ச். செல்வி சே. நான் சாத், அதாவது ஏழு. எனக்குக் கல்யாணமாகி தவமணி வந்ததும் அவளுக்கு ஆட், எட்டு.

மனுசர்களோடு முடியாது. சாமான்களுக்கும் நம்பர் உண்டு. கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்பது, படுக்கைச் சுருட்டு பத்து, அரிசி மூட்டை பதினொன்று, ஸ்டவ் பன்னிரண்டு, சாப்பாட்டுக் கூடை பதின்மூன்று, பித்தளைக் குடம் பதினான்கு. சாமான்களுக்கு வாய் கிடையாது என்பதால் அவற்றின் சார்பில் குரல் கொடுப்பது என் வேலை. இதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்று கிளம்புவதற்கு முன்னால் அய்யா பிளாட்பாரத்தில், எங்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கண் தூரத்தில் கார்டு கொடி மேல். காது எங்கள் மேல். வாயில் விசில். ஊதியதும் நாங்கள் வரிசையாகச் சொல்ல வேண்டும். பதினான்கு வரைக்கும் வந்தால்தான் அவர் ஏறுவார். ஒரு தடவை சித்தப்பா வாயில் வடையை வைத்துக்கொண்டு "சார்" சொல்லாமல் போய், அய்யா ஓடுகிற வண்டியில் தொற்றி ஏற வேண்டியதாயிற்று. அதற்கு சித்தப்பாவுக்கு மூன்று ஸ்டேஷனுக்கு வடை கிடையாது.

இன்னொரு பாடமும் உண்டு. தொலைந்துபோனால் என்ன செய்வது என்கிற பாடம். "ராணுவ உடுப்புப் போட்ட ஆளத் தேடு. முன்னாடி நேரா நில்லு. என் நம்பரு, ராங்க், பேரு, ரெஜிமென்ட்டு, நாலையும் சொல்லு. மத்தத அவங்க பாத்துக்கிருவாங்க." எல்லாரும் மனப்பாடம் பண்ண வேண்டும். தவமணி கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே அதை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள், அடுப்படியில், அம்மாவிடம். எனக்கு அது முழுதாக வந்ததே இல்லை. நம்பரில் நாலு இலக்கத்துக்கு மேல் போனால் எனக்குத் தூக்கம் வரும்.

கல்யாணமான மூன்றாவது மாதம் சிம்லாவுக்குப் பயணம். பனி பார்க்க. மதுரை ஜங்ஷனுக்கு தவமணியின் பெரிய அண்ணன் வழியனுப்ப வந்திருந்தார். மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை. அவர் என் தோளில் பாசமாகக் கையை வைத்தாலே எனக்கு முழங்கால் மடங்கும்.

"மாப்ள, எந் தங்கச்சி அழகர்கோயிலத் தாண்டுனதில்ல. நீங்க டெல்லிக்கு அங்கிட்டுக் கூட்டிட்டுப் போறீங்க. போகும்போது எம்புட்டு முழுசாப் போகுதோ, அம்புட்டு முழுசாத் திரும்பி வரணும்."

"அய்யா இருக்கும்போது என்ன மச்சான்" என்றேன்.

"மாமா இருக்காரு, தெரியும். நான் ஒங்களத்தான் சொன்னேன்."

முதல் விசில் மதுரையிலேயே. ஏக், தோ, தீன் என்று ஓடி வந்து, நான் "சாத்" சொன்னேன். அடுத்து சத்தமில்லை. தவமணி தலையைக் குனிந்துகொண்டு முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு" என்றேன் காதோடு.

"மாமாவுக்கு முன்னாடி எப்பிடிங்க கத்துறது? எங்க வீட்டுல கேட்டா என்ன நெனப்பாங்க?"

எங்கள் பக்கத்தில் அப்போது மாமனார் முன்னால் மருமகள் நின்று பேசுவதில்லை. கதவுக்குப் பின்னால் இருந்து கரண்டியைத் தட்டினால் சாப்பாடு தயார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளை, மாமனாரைப் பார்த்து இந்தியில் கத்து என்றால்?

வெளியே அய்யா விசிலை இன்னொரு தடவை ஊதினார். எனக்கு ஒரு யோசனை வந்தது. (என் வாழ்க்கையில் எனக்கு வந்த யோசனைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எல்லாமே இந்த ரகம்தான்.) தொண்டையை இறுக்கி, மூக்கு வழியாக, மெல்லிசாக, "ஆட்" என்றேன். உடனே என் குரலில் "நௌ, தஸ், க்யாரா, பாரா, தேரா, சௌதா" என்று சாமான்களையும் முடித்தேன். அய்யா ஏறி வந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

"மருமக பரவால்லையே. கூச்சப்படும்னு நெனச்சேன். கொரலு ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தாலும் கணீர்னு சொல்லிருச்சு" என்று அம்மாவிடம் சொன்னார்.

செல்வி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் தெரியும், அத்தைக்கும் தெரியும். அய்யாவின் சந்தோசத்தைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. இப்படியே திண்டுக்கல், திருச்சி, மெட்ராசில் வண்டி மாறி, விஜயவாடா வரைக்கும் நான்தான் ஏழு, நான்தான் எட்டு. போகப் போக எனக்கே அது பிடித்துப்போயிற்று. எட்டுக்குக் கொஞ்சம் ராகம் கூடப் போட்டேன்.

நாக்பூர் வந்தது காலை வேளையில். வண்டி நன்றாக நின்றது. பிளாட்பாரம் முழுக்க ஆரஞ்சுப் பழம். நான் மேல் பெர்த்தில் அரைத்தூக்கத்தில் கிடந்தேன். தண்ணீர் பிடிப்பது என் வேலை. தவமணி இரண்டு தடவை எழுப்பிப் பார்த்தாள்.

"கூஜாவுல தண்ணி தீந்துருச்சுங்க. நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள வண்டி கெளம்பிரும். நான் பிடிச்சிட்டு வாரேன். நான் வாரதுக்குள்ள விசில் ஊதுனா, ஆளு இல்லன்னு மாமாகிட்டச் சொல்லிருங்க."

"ம்" என்றேன்.

அந்த ஒரு எழுத்துக்காக நான் அனுபவித்ததை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

விசில் கேட்டது. ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே. கண்ணைத் திறக்கவில்லை. வாய் மட்டும் திறந்தது. சாத், ஆட் (ராகத்தோடு), நௌ, தஸ், க்யாரா, பாரா, தேரா, சௌதா. அய்யா ஏறினார். வண்டி கிளம்பியது. நான் மறுபடி தூங்கினேன். இவ்வளவு நிம்மதியான தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வாய்த்ததில்லை.

எழுப்பியது அம்மாவின் குரல். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "மொளகாப்பொடி டப்பா தவமணிகிட்டல்ல இருக்கு, அவ எங்க?" என்றார்.

"கக்கூஸ் போயிருப்பா" என்றேன்.

செல்வி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தாள். அப்புறம் அத்தை பார்த்தார். அய்யா பேப்பரை மடித்து வைத்தார்.

"எங்கயும் போயிருக்காது. எட்டு சொன்னுச்சே. நான் என் காதால கேட்டேன்."

எல்லாரும் மேலே பார்த்தார்கள். என்னை.

"அய்யா," என்றாள் செல்வி, "எட்டு சொன்னது அண்ணன்."

அய்யா என்னைப் பார்த்தார். எல்லையில் எதிரியைப் பார்த்தவர்தான். எதிரியைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"எத்தன நாளா?"

"மருதையிலருந்து."

"மருதையிலருந்து நாக்பூர் வரைக்கும் எட்டாம் நம்பரு ஒந் தொண்டைக்குள்ளயா இருந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணி பிடிக்கப் போகிறேன் என்றது, மாமாகிட்டச் சொல்லிருங்க என்றது, நான் "ம்" என்றது. மொழி தெரியாத ஊர், கையில் டிக்கெட் இல்லை, ஒரு கூஜாவும் மிளகாய்ப்பொடி டப்பாவும் மட்டும். அழகர்கோயிலைத் தாண்டாத பெண். அதோடு மேலூர்க் கை ஒன்றும் கண் முன்னால் வந்து போனது. சங்கிலியை இழுக்க வேண்டும் என்று மேல் பெர்த்திலிருந்து அப்படியே குதித்தேன்.

குதித்தது தரையில் இல்லை. பதினான்காம் நம்பரில்.

பித்தளைக் குடத்தின் வாய் சின்னது என்று நினைப்பீர்கள். பயத்தோடு குதிக்கிறவன் காலுக்கு அது போதும். வலது கால் கணுக்கால் வரை உள்ளே போயிற்று. குதிகால் குடத்தின் கழுத்துக்கு அந்தப் பக்கம் சிக்கிக்கொண்டது. நான் அதே காலோடு டங்கு டங்கென்று சங்கிலியை நோக்கி ஓடினேன். அய்யா என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்ப இழுத்தா வண்டி எங்க நிக்கும்?"

"இங்கதான்."

"வெளிய பாரு. காடு. எட்டு காட்டுலயா நிக்குது? ஸ்டேஷன்ல நிக்குது. ஒரு ஸ்டேஷன்லருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குத்தான் போன் பேச முடியும். அடுத்த ஸ்டேஷன்ல எல்லாரும் எறங்குறோம். பொட்டியக் கட்டுங்க."

குரல் நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் விசிலை வாயில் வைக்கப் போனவர், வைக்காமல் சட்டைப் பைக்குள் போட்டார். அவர் அப்படிச் செய்து அதுவரை நான் பார்த்ததில்லை.

அடுத்து வண்டி நின்றது ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் இந்தியில் எழுதியிருந்தது. தமிழில் எழுதியிருந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஏழு பேரும் இறங்கினோம், ஐந்து சாமான்களோடு. ஆறாவது சாமான் என் காலில் இறங்கியது.

அய்யா ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் நின்று இந்தியில் பேசினார். எனக்கு எண்களைத் தவிர இந்தியில் தெரிந்த ஒரே வார்த்தை, பைத்தியத்துக்குச் சொல்கிற "பாகல்". அது அய்யாவின் பேச்சில் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் ஸ்டேஷன் மாஸ்டர் என் குடத்தைப் பார்த்தார். பிறகு போனைச் சுழற்றினார். கத்தினார். கேட்டார். மறுபடி கத்தினார்.

அந்தப் பத்து நிமிசம் நான் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். அழகருக்கு ஒரு கிடா. பாண்டி கோயிலுக்கு ஒரு கிடா. வழியில் நினைவுக்கு வந்த சாமிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு சேவல். (பின்னால் எண்ணிப் பார்த்ததில் ஊரில் அவ்வளவு சேவல் இல்லை.) அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் காலில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டே திட்டினார். எண்ணெய் உள்ளே போனது. கால் வெளியே வரவில்லை.

போனை வைத்த ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்தார். அய்யா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நாக்பூர் ஸ்டேஷன்ல ராணுவ ஆபீஸ்ல இருக்காளாம்" என்றார் மெதுவாக. "டீ குடிச்சிட்டு இருக்காளாம்."

அதன்பிறகு பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

மத்தியானம் சாய்ந்து அடுத்த வண்டி வந்தது. முதலில் இரண்டு சிப்பாய்கள் இறங்கினார்கள். ஒருவர் கையில் ஒரு கூடை ஆரஞ்சு. இன்னொருவர் கையில் எங்கள் கூஜா. அவர்களுக்குப் பின்னால் தவமணி, கலெக்டர் அம்மா மாதிரி. மிளகாய்ப்பொடி டப்பா மட்டும் அவள் கையிலேயே இருந்தது.

நேராக அய்யா முன்னால் வந்து நின்றாள். நிமிர்ந்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் படுத்திருந்த நாய் எழுந்திருக்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள்.

"ஆட்."

அய்யா விறைப்பாக நின்று அவளுக்கு ஒரு சல்யூட் வைத்தார். சிப்பாய்கள் இருவரும் அதைப் பார்த்துத் தாங்களும் வைத்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் எதற்கும் இருக்கட்டும் என்று தொப்பியைச் சரிசெய்தார். நானும் விறைப்பாக நிற்கப் பார்த்தேன். டங்கென்று சத்தம் வந்தது.

அவள் திரும்பினாள்.

"குடத்த எங்க வச்சிருக்கீங்க?"

"கால்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள். அந்த நிமிசத்தில்தான் எனக்கு உயிர் திரும்பி வந்தது. கோபமாக இருக்கிறவள் உதட்டைக் கடிக்க மாட்டாள்.

நடந்ததை அவள் அம்மாவிடம் சொல்ல நாங்கள் கேட்டோம். வண்டி நகர்ந்ததும் ஓடியிருக்கிறாள். எட்டவில்லை. நின்று கொஞ்ச நேரம் அழுதிருக்கிறாள். "ஆனா தண்ணியக் கீழ ஊத்தல அத்தே, கூட்டத்துல நின்னு பிடிச்ச தண்ணி." அப்புறம் அய்யா சொன்ன பாடம் நினைவுக்கு வந்து, உடுப்புப் போட்ட ஆளைத் தேடிப்போய், நேராக நின்று நாலையும் ஒப்பித்திருக்கிறாள். அந்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம்.

"ஏண்டி, முன்னப்பின்ன தெரியாத ஆம்பள முன்னாடி அம்புட்டுக் கத்துனியே. வீட்டு ஆளு முன்னாடி ஒரு எட்டு சொல்லக் கூச்சமா?" என்றார் அத்தை.

"அவரு என்ன எனக்கு மாமனாரா?" என்றாள்.

அய்யா வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான்.

குடத்தைக் கழற்றியது சிப்பாய்கள். ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, இருவரும் ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். கால் வந்தது. நானும் என்னைப் பிடித்திருந்தவரும் அரிசி மூட்டை மேல் விழுந்தோம். ஸ்டேஷனில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பிறகு விசாரணை. அதே பிளாட்பாரத்தில், எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து.

"தப்பு என் பேர்லயும் இருக்கு" என்று ஆரம்பித்தார் அய்யா. "காதால எண்ணுனேன். தொட்டு எண்ணிருக்கணும். ஒங்கள விட்டுட்டு இருபத்தஞ்சு வருசம் காதாலயும் கடுதாசியாலயும்தான எண்ணிக்கிட்டு இருந்தேன். அதே பழக்கத்துல எண்ணிப்புட்டேன். இனி தொட்டுத்தான் எண்ணுவேன். ஒருத்தரு கொரல இன்னொருத்தரு குடுக்கக் கூடாது. இது உத்தரவு."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏழாம் நம்பர நான் வாபஸ் வாங்கிக்கிறேன். அது காலியாக் கெடக்கட்டும். ஒனக்குப் பந்த்ரா."

பந்த்ரா என்றால் பதினைந்து. பித்தளைக் குடத்துக்கு அடுத்த எண்.

"சாமானுக்கு அப்புறமாய்யா?" என்றேன்.

"சாமானு வச்ச எடத்துல இருக்குடா."

சிம்லாவுக்கு ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். பனி பெய்தது. அய்யா அம்மாவின் கையைப் பிடித்து நீட்டச் சொல்லி, அதில் பனி விழுவதைக் காட்டினார். அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதத்தான் எழுத வரலைன்னீங்களா" என்றார். அய்யா தலையாட்டினார். பிறகு அம்மா, குளிருது, உள்ளே போகலாம் என்றார்.

திரும்பி மதுரையில் இறங்கியபோது மேலூர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நான் தவமணிக்குப் பின்னால் நின்றேன்.

"என்னத்தா, பத்திரமா வந்தியா?"

"நான் பத்திரமா வந்துட்டேண்ணே. இவரத்தான் கொடத்துலருந்து எடுக்க வேண்டியதாப் போச்சு."

அவர் என் தோளில் கையை வைத்தார். முழங்கால் மடங்கியது. "சாதாரணமாவே கால் இப்பிடித்தான் மடங்குமா மாப்ள, இல்ல கொடத்தால வந்ததா?" என்று கேட்டார்.

அய்யா போய்ப் பல வருசமாயிற்று. விசில் இப்போது தவமணியிடம். வருசத்துக்கு ஒரு தடவை பிள்ளைகள், பேரன் பேத்திகள் எல்லாரும் வேன் பிடித்துக் கிளம்புகிறோம். போனவர்களின் எண்களை, ஒன்றைத் தவிர, பிள்ளைகளுக்குக் கொடுத்தாயிற்று. பதினைந்துக்கு மேல் இந்தி எங்கள் யாருக்கும் தெரியாததால் அதற்குமேல் தமிழ். கழுத்து நெளிந்த அந்தக் குடமும் வருகிறது. அதில் தண்ணீர் நிற்காது. இருந்தாலும் அதற்கு ஒரு நம்பர்.

தவமணி விசில் ஊதிவிட்டு ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டு வருவாள். ஆனால் முதல் எண்ணுக்கு, அய்யாவின் ஏக்குக்கு, யாரும் வாய் திறப்பதில்லை. ஒருத்தர் குரலை இன்னொருத்தர் கொடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட உத்தரவு. ஒரு மூச்சு நேரம் வேன் அமைதியாக இருக்கும். பிறகு யாராவது "தோ" என்பார்கள், சிரிப்பும் கத்தலும் தொடங்கிவிடும்.

மனுசர் முடிந்து, சாமான் முடிந்து, குடமும் முடிந்த பிறகு கடைசியில் என் தலைக்கு வருவாள். போன மாதம் கொடைக்கானல் போனபோது மருமகள் புதிதாக ஒரு ரைஸ் குக்கர் கொண்டுவந்தாள். இருபத்தி மூன்றாக இருந்த நான் இப்போது இருபத்தி நாலு.